சிபில் கெட்டால் தம்பி பெயரில் வண்டியா?



நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். லாரியானாலும் காரானாலும் பலர் பைனான்ஸில்தான் எடுக்கிறார்கள். தவணை தவறி சிபில் மதிப்பெண் இறங்கிவிட்டால், "தம்பி பேர்ல எடுத்துக்கிறேன், தவணைய நான் கட்டிடறேன்" என்கிறோம்.

வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடன் பத்திரத்தில் கடனாளி உங்கள் தம்பிதான். நீங்கள் தவறினால் அவர் பெயர் கெடும். அவர் வீட்டுக் கதவுதான் தட்டப்படும்.

தீர்க்க எதுவும் விட்டுச்செல்லாமல், மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். இது புகாரீயில் வருகிறது. அவர் தாமே முன்வந்து ஏற்றார். நாமோ தம்பியின் முகதாட்சண்யத்தைப் பயன்படுத்தி அவர் தலையில் ஏற்றுகிறோம்.

என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தவறான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பாக்கி உண்மையென்றால் முதலில் அதைக் கட்டி முடித்து, தடையில்லாச் சான்று வாங்குங்கள்.

அதுவரை கைக்காசுக்கு ஏற்ற பழைய வண்டி போதும். உறவினரிடம் வட்டியில்லாக் கடன் வாங்கினாலும், அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம் கட்டளையிடுவதுபோல் எழுதி, சாட்சி வையுங்கள்.

கடன் சுமையை விட்டும் வட்டியை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.