மின்னணுக் கழிவும் மாகாணச் சட்டமும்

ஒரு பொருளை வாங்குங்கால் அதன் விலையை விசாரிக்கின்றோம். எறியுங்கால் அதற்கும் ஒரு விலை உண்டென்பதை நினைப்பதில்லை. அவ்விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யாவர் என்னும் வினாவை, அமெரிக்க ஐக்கிய நாட்டு மாகாணங்களின் சட்டங்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலும் கணிப்பொறியிலும் அமைந்த படக்குழாய் தடித்த கண்ணாடியால் ஆயது. உள்ளே தோன்றும் எக்ஸ் கதிர்கள் பார்ப்போர்மேற் படாவண்ணம் அக்கண்ணாடியில் ஈயம் சேர்க்கப்பட்டது. ஒரு குழாயில் சில இராத்தல் ஈயம் இருத்தல் கூடும். வீட்டில் இருக்கும்வரை அது காவல். உடைந்து மண்ணிற் கிடப்பின் அதுவே நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

இனிக் குப்பை புதைக்கும் நிலத்தை நோக்குவோம். 1976-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் 1991-இல் வெளியான விதிகள், புதிய குழியின் அடியில் இரண்டடிக் களிமண்ணும் அதன்மேற் பிளாஸ்டிக் விரிப்பும் இடுதல், கசியும் நீரைத் திரட்டி எடுத்தல், நிலத்தடி நீரைச் சோதித்தல், குழியை மூடிய பின்னும் பொதுவாக 30 ஆண்டு கண்காணித்தல் ஆகியவற்றைக் கட்டளையிட்டன. நல்ல ஏற்பாடே. ஆயினும் ஈயம் ஒரு தனிமம். 300 ஆண்டு கழியினும் அது சிதைந்து மறைவதில்லை. மேலும், வீட்டுக் குப்பை மத்திய அபாயக் கழிவு விதிகளினின்று விலக்குப் பெற்றுள்ளது. மின்னணுக் கழிவை மீட்டுப் பயன்கொள்ள நாடு முழுமைக்கும் பொதுவான சட்டமும் இல்லை. ஆகவே இப்பாரம் மாகாணங்களின் தோளில் விழுந்தது.

2000-ஆம் ஆண்டில் மஸ்ஸாசூஸெட்ஸ் மாகாணம், படக்குழாய்களைக் குப்பை நிலத்திற் புதைத்தலாகாதென முதன்முதல் தடை விதித்தது. தடை நன்று, ஆனால் அது மாத்திரம் போதாது. ஒரு வாயிலை அடைக்கும் சட்டம் மற்றொரு வாயிலைத் திறவாவிடின், பழம்பெட்டி வீட்டு மூலையில் தங்கும். அன்றேல் இரவிற் சாலையோரத்தை அடையும்.

அவ்வாயிலைத் திறக்கப் பணம் வேண்டும். கலிபோர்னியா 2003-இல் இயற்றிய சட்டப்படி, 2005 ஜனவரி முதல், திரையுள்ள பொருளை வாங்குவோர் கடையிலேயே கட்டணம் செலுத்தினர். தொடக்கத்தில் அது திரையின் அளவிற்கேற்ப 6, 8, 10 டாலராக இருந்தது. அத்தொகையினின்று கழிவைத் திரட்டுவோர்க்கும் பிரிப்போர்க்கும் கூலி தரப்பட்டது. மெயின் மாகாணமோ 2004-இற் சட்டம் செய்து, செலவின் பெரும்பகுதியைப் பொருள் செய்தோர்மேல் ஏற்றியது. பின்னர் வந்த மாகாணங்களிற் பெரும்பாலன மெயின் சென்ற வழியையே தழுவின.

‘செய்தவரும் அச்செலவை விலையில் ஏற்றி நம்மிடமே பெறுவாரன்றோ? பின் வேற்றுமை யாது?’ என மாணவர் வினவலாம். வேற்றுமை உண்டு. பிரிக்கும் செலவைத் தாமே ஏற்பவர், எளிதிற் பிரிக்கத்தக்க பெட்டியைச் செய்யக் காரணம் பெறுகின்றார். கடைக் கட்டணத்தில் அக்காரணம் இல்லை. எனினும், எல்லார் பொருளையும் ஒன்றாகக் கலந்து எடைப்படி செலவைப் பங்கிடின், இந்நன்மையும் குறைந்துபோம்.

பிறிதொரு பாடமும் உண்டு. முன்னாளிற் பழைய குழாயின் கண்ணாடி புதுக்குழாய் செய்யப் பயன்பட்டது. தட்டைத் திரைகள் வந்தபின் அத்தேவை ஒழிந்தது. வாங்கும்போதே கூலி பெற்ற சிலர், ஈயக் கண்ணாடியைக் கிடங்குகளிற் குவித்துவிட்டுத் தொழிலைக் கைவிட்டனர். குவியலை அகற்றும் செலவு பிறர் தலையில் விழுந்தது. பொருள் கைம்மாறியதைக் கண்டு திருப்தியுற்ற சட்டம், அது இறுதியிற் சென்றடைந்த இடத்தைக் காணவில்லை.

ஆதலின், தடை, பணம், இறுதிவரை தொடரும் கண்காணிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சட்டமே பயன் தருவது என்பது நம் துணிபு. இவற்றுள் ஒன்று குறையினும், நாம் கொடாத விலையை நாம் அறியாத ஒருவர், தம் கிணற்று நீராலோ தம் மக்களின் நலத்தாலோ கொடுக்க நேரும். பழுதுற்ற பெட்டியைக் கையிலெடுக்கும்போது இதனை நினைவிற் கொள்வோமாக.