பல்பின் மேல் பழி போடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

உன் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு மறுபடியும் போய்விட்டதென்று அக்கா சொன்னாள். புது பல்பு போட்டு ஒரு வாரம்கூட தாங்கவில்லையாம். கடையில் யாரோ “எல்இடி போட்டுவிடு தம்பி” என்று ஆசை காட்டினார்களாம். வெள்ளியை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படி.

உன்னுடையது பழைய கார்புரேட்டர் வண்டி. அதன் முன்விளக்கு பேட்டரியை நம்பி இருப்பதில்லை. இன்ஜின் சுற்றும்போது காயிலில் உண்டாகும் ஏசி மின்சாரத்தில்தான் எரிகிறது. சிக்னலில் நிற்கும்போது மங்குவதும், முறுக்கினால் பிரகாசிப்பதும் அதன் பிறவிக் குணம். அதற்காக பேட்டரி மாற்றச் சொன்னால் தலையாட்டாதே. இன்ஜின் வேகமெடுக்கும்போது வோல்டேஜ் எகிறாமல் அடக்கி வைப்பது ரெகுலேட்டரின் வேலை. அது தவறினால் எந்தக் கம்பெனி பல்பானாலும் கருகத்தான் செய்யும். பின்விளக்கும் கூடவே போகிறதா என்று பார். இரண்டும் சேர்ந்து போனால் வோல்டேஜ் எகிறுகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உடனே புது ரெகுலேட்டர் வாங்கிவிடாதே. ஹோண்டாவில் பச்சை வயர்தான் எர்த். ரெகுலேட்டருக்குப் போகும் பச்சை வயர் தளர்ந்திருந்தாலும், துருப்பிடித்திருந்தாலும் ரெகுலேட்டரால் வோல்டேஜை அடக்க முடியாது. செம்மண் தோட்டப் பாதை, நாள்தவறாத மழை, உரக்கொட்டகை ஓரமாக நிறுத்தி வைக்கும் உன் வழக்கம், எல்லாம் சேர்ந்து அந்த இணைப்பை அரித்திருக்கும் என்பது என் கணிப்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்க ஒரு காசு செலவில்லை. பிறகு நல்ல பல்பை மாட்டி, மீட்டரை ஏசியில் வைத்து, இன்ஜினை முறுக்கி அளக்க வேண்டும். டிசியில் வைத்து அளந்தால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 13, 14 என்று நின்றால் சரி. 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மட்டும் ரெகுலேட்டரை மாற்று.

பல்பு கருகாமலே விளக்கு எரியவில்லை என்றால் கதை வேறு. ஹேண்டலை இடமும் வலமும் திருப்பிப் பார். விட்டு விட்டு எரிந்தால் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. உயர்விளக்கு எரிந்து தாழ்விளக்கு மட்டும் எரியாவிட்டால், பல்பில் அந்த இழை அறுந்திருக்கும், அல்லது சுவிட்சுக்குள் கரி பிடித்திருக்கும். நீல வயர் உயர்விளக்குக்கு, வெள்ளை வயர் தாழ்விளக்குக்கு. உன் கூட்டாளியின் யமஹாவில் இந்த நிறங்கள் பொருந்தா. அங்கே எர்த் கறுப்பு.

எல்இடி பற்றி ஒரு வார்த்தை. உன் விளக்கின் கிண்ணம் இழை பல்புக்காக வார்த்தது. அதில் எல்இடியைச் சொருகினால் ஒளி சிதறி எதிரே வரும் செம்பனை லோரி டிரைவரின் கண்ணைக் கூச வைக்கும், உன் முன்னால் உள்ள குழி இருட்டிலேயே கிடக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடுப்பில் மாட்டினால் சம்மன் வேறு.

பகலில்தானே வேலைக்குப் போகிறேன் என்பாய். 1992 செப்டம்பரிலிருந்து மலேசியாவில் மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்பது சட்டம். சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் செய்த ஆய்வு, மோட்டார் கண்ணில் படாததால் நேர்ந்த விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. சிம்பாங் ரெங்கம் வழியாக ஓடும் முதலாம் எண் கூட்டரசு சாலையில் லோரிகள் முந்தும் விதம் உனக்குத் தெரியும். அந்த விளக்கு நீ பார்ப்பதற்கு மட்டுமல்ல, அவர்கள் உன்னைப் பார்ப்பதற்கும்தான்.

சனிக்கிழமை மதியம் வண்டியைக் கொண்டு வா, மீட்டர் என்னிடம் இருக்கிறது. அதுவரை அப்பாவின் வண்டியை எடுத்துக்கொள். அவர் தராவிட்டால் எனக்குப் போன் போடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா