இணைப்பு யாருடையது, எழுத்து யாருடையது?

இளையோரே, கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு நமக்குப் பேச்சுரிமை தருகிறது. லஞ்சத்தை அம்பலப்படுத்துபவர் பெயரை மறைக்கத்தான் செய்வார், அதில் தப்பில்லை. ஆனால் அந்த மறைவிலிருந்து ஒருவரின் மானத்தை வாங்கினால், பதில் சொல்லத்தான் வேணும்.

யார் சொல்வது? 2012-இல் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவுப்படி, இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதை வெளியிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று அவர்தான் நிரூபிக்கணும். பொறியியல் படிப்பவனாகச் சொல்கிறேன்: ஐ.பி. முகவரி வீட்டு ரவுட்டரைக் காட்டும். தட்டிய விரலைக் காட்டாது. எங்கள் வாடகை வீட்டில் ஆறு பேருக்கு ஒரே வைஃபை. பதிவு என் பெயரில்!

பொறுப்பு எழுதியவரைத்தான் சேரணும். சட்டம் அப்படித் திருந்தணும். நாமும், பெயர் போட்டுச் சொல்லக் கூசும் பழியைப் பெயரில்லாமலும் எழுத வேண்டாம். அடி வாங்குவது வீட்டுக்காரராக இருக்கலாம்.