பழைய பெட்ரோல் வண்டிகளில் எரிசாராயக் கலப்பு: கவனிக்க வேண்டியவை

கரும்பும் மக்காச்சோளமும் இப்போது பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேருகின்றன. ஆலைக் கழிவுப்பாகு, கரும்புச்சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்க வைத்து வடித்தெடுக்கும் எத்தனால் என்ற எரிசாராயம் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. இந்தியாவில் 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகிதக் கலப்பு தொடங்கியது. 2022-ல் அது 10 சதவிகிதமாகவும், 2025-ல் 20 சதவிகிதமாகவும் உயர்ந்தது.

2023 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளின் பாகங்கள் 20 சதவிகிதக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. ஆனால் கிராமங்களில் இன்னும் ஓடும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 ஆகியவை இந்தக் கலப்பை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல. அதற்காக அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எரிசாராயத்தின் குணம் தெரிந்து பராமரித்தால் போதும்.

மைலேஜ் ஏன் குறைகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எரிசாராயம் தருகிறது. ஆகவே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு அமைந்த கார்களில் 20 சதவிகிதக் கலப்பினால் 6 முதல் 7 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் குழு 2021-ல் கணக்கிட்டது. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த கார் சுமார் 11.2 கி.மீ. கொடுக்கும். குறைவு இதைவிட அதிகமானால் வேறு பழுது இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

காற்று மிகுதல்

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எரிசாராயத்துக்கு 9 கிலோ போதும். புதிய வண்டிகளில் உள்ள கருவி இந்த அளவைத் தானே சரி செய்துகொள்ளும். கார்புரேட்டரில் ஜெட் துளை மாறாததால் எரிபொருள் குறைந்து காற்று மிகும். இழுவை குறைதல், கார்புரேட்டர் வழியே வெடித்தல், எஞ்சின் சூடேறுதல், பிளக் வெளுத்துப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தென்பட்டால் மெக்கானிக்கைக் கொண்டு மிக்ஸர் திருகைச் சரி செய்ய வேண்டும். தேவையானால் மெயின் ஜெட்டை ஓரளவு பெரியதாக மாற்ற வேண்டும்.

ரப்பரும் உலோகமும்

பழைய ரப்பர் குழாய்கள், பம்ப் டயாப்ரம், தக்கை வாஷர்கள் ஆகியவை எரிசாராயத்தில் ஊறி உப்பும். பின்னர் வெடிப்பு விடும். குழாய் கசிந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்து நேரும். எனவே முதல் வேலையாக எரிசாராயம் தாங்கும் குழாய்களையும் வாஷர்களையும் வாங்கிப் பொருத்துவது அவசியம். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் இது கரைத்துக்கொண்டு வரும். ஆகவே முதல் இரண்டு மூன்று டேங்க் தீர்ந்ததும் பில்டரை மாற்றுவது நல்லது.

பிரேசிலில் 1979-ல் முழு எரிசாராயத்தில் ஓடும் கார்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் கார்புரேட்டர்கள் அரித்துப் போகவே, பின்னர் நிக்கல் முலாம் பூசினார்கள். இந்தியாவில் 2024-ல் சில பங்குகளில் விற்பனைக்கு வந்த ‘எத்தனால் 100’ போன்ற எரிபொருளை, அதற்கென அமையாத பழைய வண்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

தண்ணீரே முதல் எதிரி

எரிசாராயம் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் எரிசாராயமும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. டேங்க் துருப்பிடிப்பதும் அங்கேதான். இப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிப் பயனில்லை. முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் விசைத்தெளிப்பான்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அடியில் பிரிந்த நீரில் ஆயில் இராது. அது உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தெளிப்பு முடிந்ததும் டேங்கை வடித்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓட்டிக் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும்.

வீட்டிலேயே சோதனை

அளவுக்கோடு உள்ள 100 மி.லி. கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, 100 கோடு வரை பெட்ரோல் ஊற்ற வேண்டும். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால், எரிசாராயம் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடிப்பகுதி சுமார் 19 மி.லி. இருந்தால் கலப்பு 10 சதவிகிதம். சுமார் 28 மி.லி. இருந்தால் 20 சதவிகிதம். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டும். சோதித்த பெட்ரோலை மீண்டும் டேங்கில் ஊற்றக் கூடாது.

நினைவில் கொள்ள

• தேவைக்கு மட்டும் வாங்கவும். ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம்.

• மழைக்காலத்தில் டேங்க் மூடியின் வாஷரைச் சோதிக்கவும்.

• அடிக்கடி ஓடும் வண்டியின் டேங்கை நிரப்பியே வைக்கவும். காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

• மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடவும்.

குழாய், வாஷர், பில்டர் ஆகியவற்றை மாற்ற ஆகும் செலவு, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே. அதை முன்கூட்டியே செய்துகொள்வது சிக்கனம்.