திறக்க மாட்டேங்குதுண்ணே

தேவாரம் ஊரில் டிடிபி கடை வைத்திருக்கும் என்னிடம் கல்யாணப் பத்திரிகை, கோயில் வரவுசெலவு, மலைமேல் ஏலத்தோட்டத்துச் சம்பளக் கணக்கு என்று எல்லாம் பென்டிரைவில் வரும். "திறக்க மாட்டேங்குதுண்ணே" என்று நீட்டப்படுகிற ஃபைல்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் செய்தது என்பது மறந்துபோனவை. அதனால் யார் அடித்தது, எந்த வருஷம், எந்தக் கடையில் என்றுதான் முதலில் விசாரிப்பேன். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பென்டிரைவில் வைத்தே திறக்கக் கூடாது. கணினிக்கு ஒரு நகல் எடுத்து, அதில்தான் எந்தச் சோதனையும். அளவு 0 கேபி என்று காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. அனுப்பியவரிடமே திரும்பக் கேட்பதுதான் வழி. அளவு இருந்தும் திறக்கவில்லையென்றால் அந்த நகலை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். 'பிடிஎஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், பெயர் எப்படி இருந்தாலும் அது பிடிஎஃப்தான். 'பிகே' என்று தொடங்கினால் ஜிப் வகை. இப்போதைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் அந்த வகையே. ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வால்பகுதியை (எக்ஸ்டென்ஷனை) மறைத்துவிடும். அதைத் தெரியும்படி வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்டு நிற்பது தினசரி வழக்கு. பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவதால்தான் சிக்கல். ஆதாரில் 'பி. குமார்' என்றிருந்தால் பி, புள்ளி, கே, யு என்பவைதான் அந்த நான்கு.

பெரிய வேலை வைப்பவை பழைய தமிழ் ஃபைல்கள். திறக்கும், ஆனால் படிக்க முடியாது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசு தரமாக்கியது. 2010 ஜூனில் யூனிகோடுக்கு மாறியது. ஆனாலும் கடைகளில் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களின் புழக்கம் நிற்கவில்லை. எதில் அடித்தது என்பதை ஃபைலே சொல்லும். சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி மயமாக இருந்தால் அனேகமாகப் பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. ஆங்கிலச் சொற்கள் சரியாகத் தெரிந்து, தமிழ் மட்டும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாப் அல்லது திஸ்கி என்ற குறியேற்றம். அதே எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்கலாம். யூனிகோடாக்க என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் இரண்டும் இலவசம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாமினி ஃபைலில் வேர்டின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தாமல் எதையும் அடிக்காதீர்கள். வாக்கியத்தின் முதலெழுத்தை அது ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன 'கே' ம, பெரிய 'கே' மு. மரம் முரமாகிவிடும். பத்திரத்தில் எல்லை சொல்லும் இடத்தில் இப்படி நேர்ந்தால் என்னாகும்!

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. இன்டிசைனிலும் சிஎஸ்6 பதிப்பு வரைதான் அதன் ஃபைல்களைத் திறக்க முடியும். லிப்ரே ஆபீஸ் ட்ராவில் முயன்று பாருங்கள். வடிவம் கலைந்தாலும் வாசகத்தை மீட்கலாம். பத்திரிகை அடித்து முடித்ததும் எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஒன்றும் யூனிகோடு நகல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியது எங்கள் கடமை.

திறக்கவே கூடாத ஃபைலும் உண்டு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்து, பெயர் 'ஏபிகே' என முடிந்தால் அது பத்திரிகையே அல்ல. போனில் புகுந்து பணம் பறிக்கும் செயலி. தெரிந்த எண்ணிலிருந்து வந்தாலும் அழித்துவிடுங்கள். நிறுவிவிட்டால் உடனே நெட்டை அணைத்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள்.