சுண்டை வேரில் கத்தரி

மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரில் எங்க அப்பா போட்ட கத்தரி, காய்க்கிற நேரம் பச்சையாகவே தலை தொங்கிப் போச்சு. தண்ணீர் காணவில்லையென்று இன்னும் பாய்ச்சினோம், கேடுதான் பரவியது. தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். பால்போல இழை இறங்கியது. ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய்! மண்ணிலிருந்து வேர்வழி ஏறுவது; மருந்துக்கு எளிதில் அடங்காது.

ஆகவே வேரையே மாற்றினேன். சுண்டை இந்நோயை நன்றாகத் தாங்கும். முளைக்கத் தாமதமாகும் என்பதால் அதை முதலில் விதைக்கணும். இரண்டு தண்டும் ஒரே பருமனானதும், சுண்டையின் தலையை வெட்டிப் பிளந்து, ஆப்புபோல் சீவிய கத்தரி நுனியைச் செருகி, கிளிப் போடணும். (நம்ம ஃபிட்டிங் ஷாப் கதைதான், இடைவெளி இருந்தால் ஜாயின்ட் நிற்காது.) பிறகு ஒரு வாரம் நிழலும் ஈரக்காற்றும்.

நான் செய்த தப்பு, செடி சாயாதிருக்க ஒட்டை மூடி மண் அணைத்தது. கத்தரித் தண்டே வேர்விட்டு, நோய் மறுபடி ஏறியது. ஒட்டு மண்ணுக்கு மேலே நின்ற வரிசை மட்டும் காய்த்தது. இப்போ அப்பாவே சுண்டை விதை சேர்க்கிறார்.