கவட்டு நோவும் கிரிக்கட் ஆடும் பிள்ளைகளும்

பொங்கல், தீபாவளி வந்தால் எமது தோட்டங்களில் கிரிக்கட் மட்ச் இல்லாமல் இராது. அடுத்த நாள் சில பையன்கள் காலை அகட்டி வைத்து நடப்பதையும் நாம் பார்க்கிறோம். கேட்டால் "ஒன்னுமில்ல" என்பார்கள். இடம் அப்படி, வெட்கம். ஆகவேதான் இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

காலை உள்ளே இழுக்கும் தசைகள் இடுப்பெலும்பில் தொடங்கித் தொடையின் உட்பக்கமாக இறங்குகின்றன. வேகப்பந்து போடுபவர் முன்காலை ஊன்றும்போதும், பந்தைப் பிடிக்கப் பக்கவாட்டில் பாயும்போதும், ரன் ஓடிச் சட்டென்று திரும்பும்போதும் இவை இழுபட்டுக் கிழியலாம். யாருக்கு ஆபத்து அதிகம்? முன்பு ஒரு தடவை இப்படி வந்தவருக்குத்தான். அடுத்து, இந்தத் தசைகளில் பலம் குறைந்தவர்கள், மாதக்கணக்கில் ஓடாமல் இருந்துவிட்டு மட்ச் அன்று திடீரென இறங்குபவர்கள்.

14 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் விஷயம் வேறு. இந்த வயதில் எலும்பின் வளரும் பகுதி தசையைவிடப் பலவீனமானது. பெரியவருக்குத் தசை கிழியும் இடத்தில் பிள்ளைக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். "டப்புனு சத்தம் கேட்டுச்சு, கால ஊன முடியல" என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 10 முதல் 16 வயதுப் பிள்ளை அடி எதுவும் படாமலே கிழமைக்கணக்கில் நொண்டினால், முழங்கால்தான் நோகிறது என்று சொன்னாலும், இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருக்கக் கூடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது விதையில் திடீரென வரும் கடும் நோ. விதை முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பிந்தினால் விதையையே எடுக்க வேண்டி வரும். பந்து பட்டிருந்தாலும் படாவிட்டாலும், நடுராத்திரி என்றாலும், லொறியோ திரீவீலோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நெறி கட்டியிருக்கு, விடியட்டும்" என்று வைத்திருக்க வேண்டாம். லெதர் பந்தில் ஆடும் பிள்ளை கார்ட் போடாமல் பெட் பிடிக்கவே கூடாது.

சாதாரணத் தசை நோவுக்கு முதல் 2 நாள் ஓய்வும் குளிர் ஒத்தடமும் போதும். சூடெண்ணெய் போட்டு உருவிவிடுவது பாட்டிமாரின் அன்புதான். ஆனால் அந்த 2 நாளும் வேண்டாம், வீக்கம் கூடும். பிள்ளைகள் முரளிதரனைக் காட்டி வாதாடுவார்கள், 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் நோவோடுதானே பந்து போட்டார் என்று. அது அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டம்; வயது 38. இவனுக்கு இன்னும் 20 வருட ஆட்டம் இருக்கிறது!

நோ தணிந்த பின் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, நடுவில் கால்பந்தையோ சுருட்டிய தலையணையையோ வைத்து 5 விநாடி அழுத்த வேண்டும். இப்படி 10 தடவை. நோகாமல் அழுத்த முடிந்தால் மெதுவாக ஓடலாம், அதற்குப் பின் பக்கவாட்டு ஓட்டம். வேகப்பந்து கடைசியாகத்தான்.